புது ஏர் ரைபிள் வாங்கியாச்சு: எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடவே கூடாது

போன மாதம் எங்கள் கிளப்புக்கு ஒரு தம்பி புது ரைபிள் பெட்டியோடு வந்தான். பெட்டியின் பிளாஸ்டிக் உறை கூட முழுசாகப் பிரிக்கவில்லை, அதற்குள், "அண்ணா, இதுல என்னென்ன அப்கிரேடு பண்ணலாம்?" என்று கேட்டான். கையில் ஒரு பட்டியல் இருந்தது. புது ட்ரிகர், புது ரியர் சைட் (கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் குறி பார்க்கும் துளை), குழலுக்கு எடைகள், வேறு பட் பிளேட் (தோளில் பதியும் பின்முனைத் தகடு) என்று எல்லாம் சேர்த்தால் ரைபிள் விலையில் பாதி வரும். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் இப்போது அதிகம், பெற்றோர்களும் கேட்கிறார்கள். அவனுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன்.

இந்த ஆசை பெரும்பாலும் வெளிநாட்டு வீடியோக்களிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் ஒருவர் 9 எம்.எம். கார்பைன் (குட்டை ரைபிள்) வாங்குவார், அதே வாரத்தில் அதன் ட்ரிகர், ஸ்டாக் (பிடித்துத் தோளில் வைக்கும் உடல்பகுதி), சைட் என்று பாதி பாகத்தைக் கழற்றி மாற்றிவிடுவார். அந்தக் கார்பைன் இங்கே நமக்குக் கிடைக்காது. ராணுவ 9 எம்.எம். தோட்டாவைச் சுடக்கூடிய பிஸ்டலும் கார்பைனும் நம் ஆயுத விதிகளில் சாதாரணக் குடிமக்களுக்கு இல்லாத வகையில் வருகின்றன. நாம் சென்னையில் உட்கார்ந்து வாங்கிப் பழகக்கூடியது 0.177 ஏர் ரைபிள், அதாவது 4.5 மில்லி பெல்லட் போடும் பத்து மீட்டர் ரைபிள். வீடியோவில் பார்க்கிற 'பாகத்தை மாற்று' என்கிற பழக்கம் இதற்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் ஒரு நல்ல பத்து மீட்டர் ரைபிளில் மாற்றவேண்டிய பாகங்கள் மிகக் குறைவு, உங்கள் உடம்புக்கு ஏற்றபடி நகர்த்தவேண்டிய பாகங்கள்தான் நிறைய. ஃபெயின்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ், ஸ்டெயர் என்று எதை வாங்கியிருந்தாலும், உள்நாட்டு பிரெசிஹோல் வாங்கியிருந்தாலும், வேலை முதலில் அலன் கீயை (ஸ்க்ரூ திருப்பும் அறுகோணச் சாவி) வைத்துத்தான். காசு அப்புறம்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அளவுக்கு உட்பட்டு, குழல்முனை ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. கடைக்காரர் உங்கள் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் வாங்கி வைத்துக்கொள்வார், அது சரியான நடைமுறைதான், கொடுங்கள். பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். பில்லின் நகல், கிளப் அட்டையின் நகல் இரண்டையும் ரைபிள் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். தேர்தல் நேரத்தில் வாகனச் சோதனையில் நீளமான கறுப்புப் பெட்டியைப் பார்த்தால் எந்தப் போலீஸ்காரரும் நிறுத்தத்தான் செய்வார், அப்போது பதற்றமில்லாமல் எடுத்துக் காட்ட இது போதும். மெட்ரோவில் கொண்டுபோகலாம் என்று கிளம்பாதீர்கள், காரோ ஆட்டோவோதான் வழி.

இதே இடத்தில் இன்னொன்று. 'பவர் ஏற்றுவது' என்ற பேச்சு வந்தால் எழுந்து போய்விடுங்கள். பத்து மீட்டர் போட்டி ரைபிள் ஏறக்குறைய 7.5 ஜூல் ஆற்றலில், பெல்லட்டை நொடிக்கு 170 மீட்டர் சுமாருக்கு அனுப்புகிறது. வேண்டுமென்றேதான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள், பத்து மீட்டர் தூரத்தில் காகிதத்தைத் துளைக்க அதற்கு மேல் தேவையே இல்லை. ஆற்றலைக் கூட்டினால் அதிர்வு கூடும், குறி கலையும், 20 ஜூலைத் தாண்டினால் சட்டப்படி உரிமம் வேண்டிய ஆயுதமாகவே ஆகிவிடும். மொட்டை மாடியில் வைத்துச் சுடுவதும் வேண்டாம். அந்தச் சின்ன ஈயத் துண்டு சுவரில் பட்டுத் திரும்பி வந்து ஒரு கண்ணைப் பறிக்கும். காக்கை, புறா என்று குறி வைக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.

முதல் டின் முழுக்க அப்படியே சுடுங்கள்

ஒரு டின்னில் 500 பெல்லட் இருக்கும். அந்த 500-ம் தீரும்வரை, உடம்புக்குப் பொருத்தும் அடிப்படை வேலையைத் தவிர வேறு எதையும் மாற்றாதீர்கள், வாங்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள், நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எத்தனை சுட்டீர்கள், குண்டுகள் எங்கே விழுந்தன, உடம்பில் எங்கே வலித்தது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் எழுதுவதில்லை, ஆனால் இதுதான் மிக முக்கியமானது. இடது தோள்பட்டை வலித்தால் ஒரு காரணம், கழுத்து வலித்தால் வேறு காரணம், இடுப்புக்கு மேலே முதுகு பிடித்தால் இன்னொன்று. வலி இருக்கும் இடம் எந்த ஸ்க்ரூவைத் தொடவேண்டும் என்று சொல்லிவிடும்.

ரைபிளைக் கையில் வாங்கியதும் எல்லா ஸ்க்ரூக்களின் இப்போதைய நிலையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நகரும் பாகங்கள் நிற்கும் இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். ரியர் சைட்டின் இரண்டு குமிழ்களையும் ஒரு எல்லை வரை திருப்பி, மறு எல்லைக்கு எத்தனை க்ளிக் என்று எண்ணி, நடுவில் நிறுத்துங்கள். அந்த எண்ணையும் எழுதுங்கள். எப்போது குழம்பினாலும் திரும்பிப் போக ஒரு வீடு வேண்டும் அல்லவா, அந்த வீடு இதுதான்.

நான் ஆரம்பித்த வருஷம் இதைச் செய்யவில்லை. ஒரே சாயங்காலத்தில் சீக் பீஸை (கன்னம் சாயும் பாகம்) ஏற்றினேன், ட்ரிகரை லேசாக்கினேன், வேறு பெல்லட்டுக்கும் மாறினேன். 400-க்கு 368 எடுத்துக்கொண்டிருந்தவன் அடுத்த வாரம் 351-க்கு வந்தேன். மூன்றில் எது கெடுத்தது என்று தெரியவில்லை, பழைய நிலை எது என்றும் தெரியவில்லை. கோச் எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தார், இரண்டு மாதம் போனது. "ஒரு நாளைக்கு ஒரு ஸ்க்ரூதாம்பா" என்றார். இன்றைக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

உடம்புக்குப் பொருத்துவது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கவேண்டும். ஒரு விதி: ரைபிள் உங்களிடம் வரவேண்டும், நீங்கள் ரைபிளிடம் போகக் கூடாது. தலையைக் குனிந்து, கழுத்தை நீட்டி, தோளை உயர்த்தி எட்டிப் பிடிக்கிற ரைபிளை அறுபது குண்டுக்கு ஒரே மாதிரி பிடிக்கவே முடியாது.

ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் இதைச் செய்யவேண்டும். பனியனோடு நின்று அளந்துவிட்டு அப்புறம் தடித்த கேன்வாஸ் ஜாக்கெட்டைப் போட்டால் எல்லா அளவும் மாறிவிடும். சொந்த ஜாக்கெட் இன்னும் வாங்கவில்லை என்றால் கிளப்பில் உங்கள் அளவுக்கு இருக்கிற ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ரைபிள் இல்லாமல் நில்லுங்கள். வலது கைக்காரர் என்றால் இடது இடுப்பு இலக்கைப் பார்க்கும்படி, பக்கவாட்டில். கால்கள் தோள் அகலம். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேலோ, எட்டவில்லை என்றால் விலாப் பக்கத்திலோ ஊன்றுங்கள். ரைபிளின் எடையை எலும்பு தாங்கவேண்டும், தசை தாங்கினால் பத்தாவது குண்டிலேயே நடுங்கும். இந்த நிலையில் தலையை நேராக, வீட்டில் டி.வி. பார்ப்பதுபோல் இயல்பாக இலக்கின் பக்கம் திருப்புங்கள். இப்போது உங்கள் கண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ரியர் சைட் வந்து நிற்கவேண்டும்.

நீளத்திலிருந்து தொடங்குங்கள். பட் பிளேட்டை வலது முழங்கை மடிப்பில் வைத்து, கையை ட்ரிகர் பக்கம் நீட்டினால், ஆள்காட்டி விரலின் முதல் கணுப் பகுதி ட்ரிகரில் படியவேண்டும். இது தொடக்க அளவு மட்டும்தான், நின்று பிடித்துப் பார்த்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூட்டிக் குறைக்க நேரும். ஸ்டாக் நீளமாக இருந்தால் உடம்பு பின்னால் சாய்ந்து வலது தோள் இழுபடும். குட்டையாக இருந்தால் மூக்கு ரியர் சைட்டில் இடிக்கிற மாதிரி நெருங்கும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நீளம்தான் பிரச்சினை, பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன அளவிலேயே கிளப் ரைபிளைத் தூக்கிப் பழகியிருப்பார்கள்.

அப்புறம் பட் பிளேட்டின் உயரம். இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வரும். பட் பிளேட்டை மேலே ஏற்றினால் ரைபிளின் பின்பக்கம் தோளில் தாழ்ந்து உட்காரும், குழல் முனை ஏறும். கீழே இறக்கினால் பின்பக்கம் உயரும், முனை தாழும். பட்டென்று புரியவில்லை என்றால் ஒரு முறை செய்து பாருங்கள், கை நினைவில் நின்றுவிடும். தலை குனிகிறது என்றால் பட் பிளேட்டை இறக்கி ரைபிளை மேலே கொண்டுவாருங்கள்.

முன்பக்கம் இடது கை தாங்கும் இடத்தில் உயரம் கூட்டும் கட்டை ஒன்று இருக்கும். சிலர் உள்ளங்கையில் தாங்குவார்கள், சிலர் முஷ்டி மடக்கித் தாங்குவார்கள், அதைப் பொறுத்து உயரம் மாறும். உடம்பு நீளமாகவும் கை குட்டையாகவும் இருப்பவர்களுக்குக் கட்டை உயரமாக வேண்டும். இலக்கின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும், ஆகவே ஆறடி ஆளுக்கும் ஐந்தடிப் பிள்ளைக்கும் ஒரே கட்டை உயரம் சரிப்படாது.

கடைசியில் சீக் பீஸ். கண்ணை மூடுங்கள், ரைபிளைத் தூக்கித் தோளில் வைத்து, கன்னத்தைச் சுகமாகச் சாயவிடுங்கள், இரண்டு மூச்சு விடுங்கள், கண்ணைத் திறங்கள். ரியர் சைட்டின் துளைக்கு நடுவில் முன்சைட் (குழல் முனையில் இருக்கும் குறி) வட்டம் தெரிகிறதா? மேலே தெரிந்தாலும் கீழே தெரிந்தாலும் சீக் பீஸ் உயரத்தை மாற்றுங்கள். பக்கவாட்டில் விலகித் தெரிந்தால் பக்கவாட்டு ஸ்க்ரூ. தலையை நகர்த்திச் சரிசெய்துகொள்ளாதீர்கள், அந்தச் சின்ன நகர்த்தல்தான் பின்னால் காரணம் தெரியாத 8, 9 புள்ளிகளாக வந்து நிற்கும். கன்னத்தை அழுத்தவும் வேண்டாம், தலையின் எடை எவ்வளவோ அவ்வளவு போதும். இந்தக் கண் மூடும் சோதனையைப் பத்து முறை செய்து ஏழெட்டு முறையாவது நடுவில் வந்தால் அன்றைக்கு அந்த ஸ்க்ரூவை விட்டுவிடலாம்.

இதே கண் மூடும் சோதனையை இலக்கை வைத்தும் செய்யுங்கள். திறக்கும்போது குறி இடது வலதாக விலகியிருந்தால் கையால் இழுக்காமல் பின்காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள். மேல் கீழாக விலகியிருந்தால் பட் பிளேட்டோ முன்கட்டையோ.

ஸ்க்ரூக்களை முறுக்கும்போது பலத்தைக் காட்டாதீர்கள். ஸ்டாக் பெரும்பாலும் அலுமினியம், மரை போனால் அதைச் சரிசெய்ய ஆள் தேடி அலையவேண்டும். ரைபிளோடு வந்த புத்தகத்தில் எந்த ஸ்க்ரூவுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள், டார்க் ரெஞ்ச் கிளப்பில் யாரிடமாவது இருக்கும்.

வளர்கிற பிள்ளைகள் என்றால் இந்த முழு வேலையையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்யவேண்டும். பதினாலு வயசுப் பையன் கோடை விடுமுறையில் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டு ஜூனில் வந்து, "அங்கிள், ரைபிள் ரிப்பேர்" என்பான். ரைபிளில் ஒன்றும் இருக்காது.

எடை பற்றி ஒரு வார்த்தை. சர்வதேச விதிப்படி சைட்டோடு சேர்த்து 5.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. குழலில் மாட்டும் எடைகள் ரைபிளை நிதானப்படுத்தும் என்பது உண்மை, ஆனால் தாங்கும் உடம்புக்கு மட்டும்தான். முதல் ஆறு மாதம் பெட்டியில் வந்த எடைகளைக்கூடக் கழற்றிவிட்டுச் சுடுவது நல்லது, பிள்ளைகளுக்கு அவசியம்.

சைட்

இலக்கில் 10 புள்ளி என்பது அரை மில்லி விட்டமுள்ள ஒரு வெள்ளைப் புள்ளி. கறுப்பு வட்டம் முழுதும் சேர்த்தே 30.5 மில்லிதான். 10-க்கு மேலும் தசமத்தில் எண்ணும் கணக்கில், ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் இடையே கால் மில்லி தூரம். பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் கடலூர்ப் பெண் இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்தும் 10-வது இடம்தான் வந்தார், முதல் 8 பேருக்கு மட்டுமே இறுதிச் சுற்று. 630.7 என்றால் 60 குண்டுக்குச் சராசரி 10.5-க்கும் மேல். அந்த உயரத்தில் கால் மில்லிக்குக் கால் மில்லி போட்டி. அதனால்தான் சைட்டை ஊகத்தில் திருப்பக் கூடாது என்கிறேன்.

குமிழில் எழுதியிருக்கும் எழுத்துகளும் அம்புக்குறிகளும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அர்த்தம். நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள். ஐந்து குண்டு சுடுங்கள், கூட்டத்தின் நடு எங்கே என்று குறியுங்கள். ஒரு குமிழை வலஞ்சுழியாகப் பத்து க்ளிக் திருப்பி மறுபடி ஐந்து சுடுங்கள். எந்தப் பக்கம், எத்தனை மில்லி நகர்ந்தது? பத்தால் வகுத்தால் ஒரு க்ளிக்கின் அளவு கிடைக்கும். அடுத்த குமிழுக்கும் இதேபோல். ஒரு சின்ன ஸ்டிக்கரில் 'வலம் திருப்பினால் இடது' என்பதுபோல் எழுதிப் பெட்டி மூடியின் உள்ளே ஒட்டுங்கள். பதற்றத்தில் மூளை வேலை செய்யாது, ஸ்டிக்கர் செய்யும். 2008 பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைச் சுடுதலில் தன் குண்டு 4 புள்ளிக்குப் போனதை அபினவ் பிந்த்ரா பிற்பாடு சொல்லியிருக்கிறார். சில நிமிஷத்துக்குள் சைட்டைத் திருப்பிச் சரிசெய்து, அன்றே தங்கம் வென்றார். தன் ரைபிளின் க்ளிக் கணக்கு விரல் நுனியில் இருந்தால்தான் அது முடியும்.

முன்சைட் வட்டத்தில் புதியவர்கள் எல்லாரும் செய்யும் ஒரு தப்பு உண்டு, சின்ன வட்டம் போட்டால் துல்லியம் கூடும் என்று நினைப்பது. வட்டத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் போதுமான வெள்ளை தெரியவேண்டும். இடைவெளி குறுகினால் கண் தேடிக்கொண்டே இருக்கும், விரல் அழுத்தாமல் காத்துக்கொண்டிருக்கும், கை தளர்ந்தபிறகு குண்டு போகும். 4 மில்லியோ அதற்கு மேலோ போட்டுத் தொடங்குங்கள். திருப்பி அளவு மாற்றும் முன்சைட் பின்னால் வாங்கிக்கொள்ளலாம், அவசரமில்லை. காசு கொடுத்து வாங்கத் தகுந்த ஒரே சைட் பாகம், என் கருத்தில், ரியர் சைட்டுக்கான ஐரிஸ். நம் ஊர் ரேஞ்சுகளில் ஓரிடத்தில் பழைய ட்யூப்லைட், இன்னோரிடத்தில் கண்ணைக் கூசும் எல்.ஈ.டி. துளையைச் சுருக்கி விரிக்க முடிந்தால் எங்கே போனாலும் ஒரே மாதிரி தெரியும். மற்றக் கண்ணை மூடிக்கொண்டு சுடாதீர்கள், முகம் முழுக்க இறுகும். வெள்ளை பிளாஸ்டிக் மறைப்பு ஒன்று, 30 மில்லி அகலத்துக்கு மிகாமல், சைட்டில் மாட்டிக்கொண்டு இரண்டு கண்ணையும் திறந்தே வையுங்கள்.

ட்ரிகர்

ஏர் ரைபிளுக்குக் குறைந்தபட்ச ட்ரிகர் எடை என்று விதி இல்லை, ஏர் பிஸ்டலுக்குத்தான் 500 கிராம். அதனால் பெரிய ஆட்கள் 100 கிராமுக்கும் கீழே வைத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்து நீங்களும் வைக்காதீர்கள். விரல் பட்டதும் வெடிக்கிற ட்ரிகர் புதியவரிடம் இருந்தால், ரைபிளை இறக்கும்போதோ ஏற்றும்போதோ குண்டு போய்விடும், அது புள்ளிப் பிரச்சினை இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை. கம்பெனி வைத்து அனுப்பிய எடையே இருக்கட்டும். நீங்கள் செய்யவேண்டியது ட்ரிகர் பிளேடை முன்பின் நகர்த்தி விரல் நுனிச் சதை நேராகப் படும்படி வைப்பது மட்டும். முதல் கட்டம் இழுத்ததும் ஒரு சுவர்போல் தட்டவேண்டும், அந்தச் சுவர் தெளிவாக உணர முடியவில்லை என்றால் கோச்சிடம் சொல்லி அவர் முன்னால் சரிசெய்யுங்கள்.

ட்ரை ஃபயர் (பெல்லட் போடாமல் ட்ரிகர் இழுத்துப் பழகுவது) வசதி உள்ள ரைபிள் என்றால் அது உங்களுக்குக் கிடைத்த இலவச அப்கிரேடு. வீட்டில் வெறும் சுவரைப் பார்த்துத் தினமும் இருபது நிமிஷம், பெல்லட் டின் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ஆனால் குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரைபிளில் காலியாகச் சுட்டுவிடாதீர்கள், பிஸ்டன் அடி வாங்கும். சுடாத நேரமெல்லாம் குழலின் முழு நீளத்துக்கும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு இழை உள்ளே இருக்கவேண்டும், வீட்டிலும்தான்.

பெல்லட்: உண்மையான அப்கிரேடு இதுதான்

ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்டாக் பாகம் வாங்குவதற்கு முன் சில நூறு ரூபாயில் இதைச் செய்யுங்கள். ஒரே கம்பெனி பெல்லட்டே 4.49, 4.50, 4.51 என்று தலை அளவில் வரும். எது உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்று சுட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, பக்கத்து லேன்காரர் சொல்வது அவருடைய குழலுக்கு. ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜே.எஸ்.பி. என்று கிளப் நண்பர்களிடம் இருக்கும் வகைகளில் ஐம்பது ஐம்பதாகக் கேட்டு வாங்குங்கள். ரைபிளுக்கு 0.53 கிராம் எடைதான் வழக்கம், லேசான பிஸ்டல் பெல்லட்டைக் கலந்துவிடாதீர்கள்.

மேஜையில் மணல் பை வைத்தோ, கிளப்பில் கிளாம்ப் இருந்தால் அதில் பூட்டியோ, பத்து மீட்டரில் சுடுங்கள். வகை மாற்றும்போது முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குழல் புது ஈயத்துக்குப் பழகவேண்டும். பிறகு பத்துப் பத்தாக இரண்டு கூட்டம். ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளங்கள். நல்ல போட்டி ரைபிளும் நல்ல பெல்லட்டும் சேர்ந்தால் பத்துக் குண்டும் சுமார் 7 மில்லிக்குள் ஒரே ஓட்டையாக விழும். 9.5 மில்லிக்குள் இருந்து, அது நடுவிலும் விழுந்தால், பத்தும் 10 புள்ளிதான். ஆக, உங்கள் கையில் வருகிற 8-க்கும் 7-க்கும் ரைபிள் காரணமில்லை என்பதை இந்தக் காகிதம் நிரூபித்துவிடும். அதைத் தேதி போட்டு நோட்டில் ஒட்டி வையுங்கள், அடுத்த தடவை ஏதாவது பாகம் வாங்கத் தோன்றும்போது எடுத்துப் பாருங்கள்.

பிடித்த பெல்லட் கிடைத்ததும் டின்னின் அடியில் இருக்கும் லாட் எண்ணை (ஒரே தொகுப்பில் தயாரானதைக் காட்டும் எண்) பார்த்து, அதே லாட்டில் முடிந்த அளவு வாங்குங்கள். ஈயம் என்பதால் சுட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பஜ்ஜி சாப்பிடப் போகாதீர்கள், பிள்ளைகளிடம் இதில் கண்டிப்பாக இருங்கள். பெல்லட்டை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கத்தை அன்றைக்கே நிறுத்துங்கள்.

சிலிண்டரும் சென்னை வெயிலும்

ரைபிளின் காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் அழுத்தம்தான் எல்லை, பெரும்பாலும் 200 பார். மெதுவாக நிரப்புங்கள். வேகமாக நிரப்பினால் சூடாகி, ஆறியதும் கேஜ் இறங்கிவிடும். ஈரமில்லாத காற்று மட்டும், கிளப்பின் ஸ்கூபா டாங்க் அல்லது நல்ல ஃபில்டர் உள்ள கம்ப்ரஸர். ஆக்ஸிஜன் எக்காரணம் கொண்டும் கூடாது. ஓ-ரிங்குக்கு (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) சிலிக்கான் கிரீஸ் துளி, சைக்கிளுக்குப் போடும் எண்ணெய் கிட்டவே வரக் கூடாது, உயர் அழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பிடிக்கும். சிலிண்டருக்கு உற்பத்தித் தேதியும் ஆயுளும் உண்டு, பெரும்பாலான கம்பெனிகள் பத்து வருஷம் போடுகின்றன. பழைய ரைபிள் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இந்தத் தேதிதான், தேதி கடந்த சிலிண்டரைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள்.

மே மாதத்தில் வேளச்சேரியில் காரை வெயிலில் நிறுத்திவிட்டு ரைபிளை டிக்கியில் விட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 30 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர் 60 டிகிரிக்குப் போனால் சுமார் 220 பார் ஆகிவிடும். கணக்கு எளிது, ஆபத்தும் தெளிவு. கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

மழைக்காலத்துக்கு வேறு கவலை. பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நவம்பரில் இரண்டு வாரம் மூடியே வைத்தால் ஸ்க்ரூ தலைகளில் துரு பூக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் கடற்காற்றில் இருக்கிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு, வாரம் ஒரு முறை பெட்டியைத் திறந்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வியர்வைக் கை பட்ட உலோகத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள், குழலின் வெளிப்பக்கம் மட்டும் எண்ணெய் தொட்ட துணி. குழலின் உள்ளே ஃபெல்ட் பெல்லட் (துடைக்கும் கம்பளித் துண்டு) ஒன்றிரண்டு போட்டு எடுத்தால் போதும். ஜாக்கெட்டை வெயிலில் போடாமல் நிழலில் தொங்கவிடுங்கள், மடித்துப் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அந்த வாடை போகவே போகாது.

காசு மிச்சமிருந்தால்

ஜாக்கெட், ஷூ, கையுறை. இந்த வரிசைதான். ரைபிளில் எதையும் மாற்றுவதற்கு முன் இவைதான் புள்ளியைக் கூட்டும். ஜாக்கெட் உங்கள் அளவுக்குத் தைத்ததாக இருக்கட்டும், துணியின் தடிமன் 2.5 மில்லிக்கு மேல் போகக் கூடாது, விறைப்புக்கும் ஒரு சோதனை உண்டு, ஆகவே தைப்பவரிடம் போட்டி விதிக்கு உட்பட்டதுதானா என்று கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு கிளப்பில் சீனியர்கள் கழித்த ஜாக்கெட் நல்ல நிலையில் கிடைக்கும், வளர்கிற வயசில் புதுசுக்குக் கொட்டாதீர்கள். இதற்கெல்லாம் பிறகும் நோட்டில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால், உதாரணமாகப் பட் பிளேட்டை எங்கே வைத்தாலும் தோளில் வழுக்குகிறது என்றால், அப்போது அந்த ஒரு பாகத்தை மட்டும் வாங்குங்கள். முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு வாரம் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு சின்னப் பையைத் தனியாகத் தயார் செய்யுங்கள். அலன் கீ செட், உதிரி ஓ-ரிங்குகள், சிலிக்கான் கிரீஸ், உதிரி முன்சைட் வட்டங்கள், பென்சில், துணி, முடிந்தால் இரண்டாவது சிலிண்டர். 2021-ல் டோக்கியோவில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவிலேயே பழுதாகி, அதைச் சரிசெய்துவிட்டு வருவதற்குள் நேரம் கரைந்து, இறுதிச் சுற்று கைநழுவிப் போனது. உலகத் தரமான கருவிக்கே அது நடக்கும். மாவட்டப் போட்டியில் ஒரு ஓ-ரிங் போனால் பக்கத்தில் கடை கிடையாது.

அந்தத் தம்பி இப்போது நானூறு பெல்லட் வரை வந்திருக்கிறான். பட்டியலில் இருந்ததில் இதுவரை எதுவும் வாங்கவில்லை, சீக் பீஸை நாலு மில்லி இறக்கினான், ஸ்டாக்கை ஒரு சென்டிமீட்டர் குறைத்தான், கழுத்து வலி போய்விட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பெல்லட் சோதனை வைத்திருக்கிறோம், மணல் பை அவன் கொண்டுவருகிறான், 4.49-ம் 4.50-ம் என்னிடம் இருக்கின்றன.